ஈஸ்ட் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் பாஸ்பேட்: உங்கள் புராஜெக்ட்டுக்குப் பிளேட்டா, வீக்கமா, லிப்போசோமா?

டிசம்பர் வந்தால் போதும், எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர் பிள்ளைகளிடமிருந்து ஒரே கேள்வி வர ஆரம்பித்துவிடும். இந்த வருடம் மூன்று பேர். தேவகோட்டையிலிருந்து ஒரு தங்கச்சி, புதுவயலிலிருந்து ஒரு தம்பி, காரைக்குடியிலேயே பி.எச்டி. சேர்ந்திருக்கும் இன்னொரு பெண். "அக்கா, ஈஸ்ட் மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள பாஸ்பேட் போறதைப் பத்தித்தான் பண்ணப்போறேன், ஆனா எந்த முறையில பண்றதுன்னு தெரியல." மூன்று பேருக்கும் தனித்தனியாக எழுதிக்கொண்டிருப்பதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டு பாதியில் அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தவறு அவர்கள் கையில் இல்லை, முறையைத் தேர்ந்தெடுத்த அன்றைக்கே நடந்துவிட்டது.

## முதலில் விஷயம் என்ன

காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். முகப்பில் திண்ணை. கணக்குப்பிள்ளை, தபால்காரர், வெயிலுக்கு ஒதுங்கியவர் என்று யார் வேண்டுமானாலும் அங்கே உட்காரலாம். ஆனால் நிலைக்கதவைத் தாண்டி வளவுக்குள் கால் வைக்க வேண்டுமென்றால் உள்ளேயிருந்து ஒருவர் சரி என்று சொல்ல வேண்டும். செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் இரண்டு சவ்வு. வெளிச்சவ்வு முகப்பு மாதிரி, அதில் போரின் என்ற புரதம் போட்ட ஓட்டைகள் வழியாகப் பாஸ்பேட் தாராளமாக வந்து போகும். உட்சவ்வுதான் நிலைக்கதவு. மின்னேற்றம் உள்ள பாஸ்பேட்டால் அதைத் தானாகத் தாண்ட முடியாது.

ஈஸ்டில் அந்தக் கதவுக்குப் பெயர் மிர்1. 311 அமினோ அமிலம் கொண்ட சின்னப் புரதம், சவ்வை ஆறு முறை குறுக்கே கடக்கிறது. சுமார் 100 அமினோ அமிலம் கொண்ட ஒரே மாதிரியான துண்டு மூன்று முறை திரும்பத் திரும்ப வரும் அமைப்பு, மைட்டோகாண்ட்ரியாவின் கடத்திப் புரதக் குடும்பம் முழுவதற்கும் பொதுவானது. ஒரு பாஸ்பேட்டோடு ஒரு புரோட்டானையும் சேர்த்து உள்ளே கொண்டுபோகும். சுவாசம் நடக்கும்போது உள்ளே புரோட்டான் குறைவாகவும் வெளியே அதிகமாகவும் இருப்பதால், அந்தச் சரிவில் பாஸ்பேட்டும் கூடவே இறங்கிவிடுகிறது. உள்ளே போன பாஸ்பேட்டை அடினோசின் டைபாஸ்பேட்டோடு ஒட்டித்தான் செல்லுக்குச் சக்தி தரும் அடினோசின் டிரைபாஸ்பேட் தயாராகிறது. ஆக, இந்தக் கதவு மூடினால் மைட்டோகாண்ட்ரியாவில் அடுப்பு எரியும், சோறு வேகாது.

பிக்2 என்று இன்னொரு கதவும் உண்டு. சாதாரணமாக அது கொஞ்சமாகத்தான் இருக்கும், அதை நீக்கினாலும் ஈஸ்ட் பெரிதாகக் கவலைப்படாது. ஆனால் மிர்1 இல்லாத ஈஸ்டில் பிக்2-வை அளவுக்கு மேல் உற்பத்தி செய்யவைத்தால் வளர்ச்சி திரும்பிவிடும். அதனால் அதுவும் பாஸ்பேட் கடத்திதான். அதே பிக்2 தாமிரத்தையும் உள்ளே கொண்டுபோகிறது என்று 2013-இல் காட்டினார்கள். இந்தத் தாமிர விஷயத்தை மறந்துவிடாதீர்கள், கீழே வந்து இடிக்கும்.

## எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது

என் அளவுகோல் நாலு. அதில் முதலாவதுதான் முக்கியம், மற்ற மூன்றும் அதற்குப் பின்னால்தான்.

உங்கள் கேள்வி என்ன? இந்த வீட்டுக்கு அந்தக் கதவு தேவையா என்பது ஒரு கேள்வி. கதவு இப்போது திறக்கிறதா, எவ்வளவு வேகமாக என்பது இன்னொன்று. திறப்பது அந்தக் கதவேதானா, பக்கத்திலிருக்கும் வேறு ஏதாவதா என்பது மூன்றாவது. மூன்றும் ஒன்று மாதிரி காதில் விழும், ஒன்று அல்ல.

அப்புறம் கையில் எத்தனை நாள். அப்புறம் செலவு, கடைப் பட்டியலில் வராத செலவையும் சேர்த்து. கடைசியாக, எந்த இடத்தில் அந்த முறை பொய் சொல்லும்.

முதல் கேள்வியைக் குழப்பிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு மிர்1 என்ற பெயரே சாட்சி. 1990-இல் அந்தப் பெயரை வைத்தபோது, புரதங்களை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் வரவேற்கும் ஏற்பி என்று நினைத்துத்தான் வைத்தார்கள். மைட்டோகாண்ட்ரியல் இம்போர்ட் ரிசெப்டர், அதன் சுருக்கம்தான் மிர். சாதாரண ஆட்கள் அல்ல, பின்னால் 1999-இல் நோபல் வாங்கிய குந்தர் புளோபெலின் ஆய்வகம். எதிர்ப்பொருள்களை (ஆன்டிபாடி) வைத்துத் தேடிப்போனார்கள், கிடைத்தது இந்தப் புரதம். அடுத்த ஆண்டே இன்னொரு குழு அதே மரபணுவைப் பாஸ்பேட் கடத்தியின் மரபணு என்று வெளியிட்டது. மிர்1 இல்லாத ஈஸ்ட் கிளிசராலில் வளராது என்பது இரண்டு விளக்கத்துக்குமே பொருந்திப்போகும் பாருங்கள். ஆளைச் சரியாகக் காட்டியது பாஸ்பேட்டையே நேரடியாக அளந்த சோதனைதான். பெயர் மட்டும் இன்றைக்கும் பழையபடியே நிற்கிறது.

| வழி | பதில் தரும் கேள்வி | ஆகும் காலம் | பொய் சொல்லும் இடம் |
|---|---|---|---|
| பிளேட்டில் வளர்ச்சி | கதவு தேவையா | 3 முதல் 5 வாரம் | பெட்டிட் ஈஸ்ட் (மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வைத் தொலைத்தது), தாமிரம் |
| மைட்டோகாண்ட்ரியா வீக்கம் | கதவு திறக்கிறதா | 2 முதல் 3 மாதம் | கிழிந்த சவ்வு, தவறான தடுப்பான் |
| லிப்போசோம் (செயற்கைக் கொழுப்புக் குமிழ்) | அந்தக் கதவுதானா | ஒரு வருடத்துக்குக் குறையாது | சரியாக மடியாத புரதம், மாசு |

காலமெல்லாம் நான் பார்த்த பிள்ளைகளை வைத்துச் சொல்வது. கை பழகியவர் சீக்கிரம் முடிக்கலாம்.

## பிளேட்டில் வளர்த்துப் பார்ப்பது

குளுக்கோஸ் கொடுத்தால் ஈஸ்ட் நொதித்தே பிழைத்துக்கொள்ளும், மைட்டோகாண்ட்ரியாவில் சுவாசம் நடக்காவிட்டாலும் காலம் தள்ளும். கிளிசராலோ லாக்டேட்டோ கொடுத்தால் அந்தப் பிழைப்பு நடக்காது, மைட்டோகாண்ட்ரியா வேலை செய்தே ஆக வேண்டும். அதனால் குளுக்கோஸ் பிளேட் ஒன்று, 3 சதவீதம் கிளிசரால் பிளேட் ஒன்று. சாதாரண ஈஸ்ட், மிர்1 நீக்கியது, பிக்2 நீக்கியது, மிர்1 இல்லாமல் பிக்2 அதிகமாக உள்ளது என்று நான்கையும் பத்துப் பத்து மடங்காக நீர்த்துப் புள்ளி வைத்து 30 டிகிரியில் மூன்று நாலு நாள் வைத்தால் படம் தானாகவே பேசும்.

இதன் அழகு எளிமைதான். அகார், இன்குபேட்டர், பிப்பெட் போதும். கரண்ட் ஒரு மணி நேரம் போனாலும் ஈஸ்ட் செத்துவிடாது. மரபணு நீக்கிய ஈஸ்ட் வகைகள் உலகத்துக்கே பொதுவான தொகுப்பாக இருக்கின்றன. ஈஸ்ட் ஆய்வு செய்யும் ஏதாவது ஓர் ஆய்வகத்துக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதினால் அகார் குழாயில் போட்டு அனுப்பிவைப்பார்கள்.

மறைந்திருக்கும் செலவு இனிமேல்தான். மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று சொந்தமாக டி.என்.ஏ. உண்டு, ஈஸ்ட் அதை அடிக்கடி தொலைத்துவிடும். தொலைத்த ஈஸ்டைப் பெட்டிட் என்போம், அதுவும் கிளிசராலில் வளராது. அப்படியானால் உங்கள் பிளேட்டில் வளராமல் கிடப்பது மிர்1 இல்லாததாலா, டி.என்.ஏ. தொலைந்ததாலா? மிர்1 மரபணுவைப் பிளாஸ்மிட்டில் (மரபணுவைச் செல்லுக்குள் ஏற்றிப்போகும் வட்ட டி.என்.ஏ.) வைத்துத் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள், வளர்ந்தால் டி.என்.ஏ. பத்திரமாக இருக்கிறது என்று பொருள். இந்த ஒரு சோதனை இல்லாமல் வந்த புராஜெக்ட் புத்தகத்தை நான் திருப்பித்தான் அனுப்புவேன்.

ஈஸ்ட் வகையைத் தேர்ந்தெடுக்கும்போதே இதற்கு ஒரு வழி இருக்கிறது. நீக்கல் தொகுப்பு செய்யப் பயன்பட்ட பிஒய்4741 வகைக்குச் சுவாசம் கொஞ்சம் பலவீனம், பெட்டிட்டும் அதிகம் வரும். டபிள்யூ303 இந்த வேலைக்கு நல்லது. அதில் அடினின் மரபணு ஒன்று பழுது என்பதால், அடினின் குறைவான பிளேட்டில் காலனிகள் ஆத்தங்குடிக் கல் மாதிரி இளஞ்சிவப்பாக வரும். பெட்டிட் ஆனவை மட்டும் வெள்ளையாக நிற்கும். கண்ணாலேயே எண்ணிவிடலாம்.

அப்புறம் தாமிரம். மிர்1-ம் பிக்2-வும் கண்ணுக்குத் தெரிந்து செய்யும் வேலை பாஸ்பேட் என்றாலும், சுவாசச் சங்கிலியின் கடைசிப் புரதமான சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸுக்குத் தாமிரம் வேண்டும். பிக்2 நீக்கியதில் தாமிரத்தைக் கட்டிப்போட்டால் வளர்ச்சி குறையும். அதைப் பார்த்துவிட்டுப் பாஸ்பேட் போகவில்லை என்று எழுதினால் தவறு. வளர்ச்சி என்பது கடைசி வரிக் கணக்கு, நடுவில் எந்த வரியில் பணம் போனது என்று அது சொல்லாது.

இது யாருக்கு: நாலு மாதம் மட்டும் இருப்பவர்களுக்கு, குளிர் சென்ட்ரிபியூஜை நம்ப முடியாதவர்களுக்கு, நிறைய மாற்றுருக்களை வரிசையாகச் சோதிக்க வேண்டியவர்களுக்கு. ஏதாவது ஓர் அமினோ அமிலத்தை மாற்றினால் கதவு கெடுகிறதா என்று 20 மாற்றுருவை வடிகட்ட இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

## மைட்டோகாண்ட்ரியாவைப் பிரித்து வீங்கவைப்பது

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

பிரித்தெடுத்த மைட்டோகாண்ட்ரியாவை அம்மோனியம் பாஸ்பேட் கரைசலில் போடுகிறோம். கரைசலில் இருக்கும் அம்மோனியா சவ்வை யாரையும் கேட்காமல் தாண்டி உள்ளே போகும், போனதும் உள்ளிருக்கும் ஒரு புரோட்டானைப் பிடித்துக்கொள்ளும். உள்ளே புரோட்டான் குறையவே பாஸ்பேட் கதவு வழியாகப் புரோட்டானோடு பாஸ்பேட் உள்ளே வரும். இப்படியே உப்பு உள்ளே சேரச் சேர அதன் பின்னாலேயே தண்ணீர் வரும், மைட்டோகாண்ட்ரியா வீங்கும். வீங்கினால் ஒளியைச் சிதறடிப்பது குறையும். 540 நானோமீட்டரில் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், குயுவெட்டில் மைட்டோகாண்ட்ரியாவை விட்டுக் கலக்கிய சில விநாடிக்குள் திரையில் கோடு சரியத் தொடங்குவதைப் பார்க்கலாம். மிர்1 நீக்கியதில் அதே கோடு ஏறக்குறைய படுத்தபடியே போகும். ஒரு புரதம் வேலை செய்வதைக் கண் முன்னால் பார்ப்பது என்றால் இதுதான், முதல் தடவை பார்த்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடே ஓடவில்லை.

கதிரியக்கம் வேண்டாம், விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஆனால் பிள்ளைகள் விழும் குழிகள் நிறைய.

பாடப்புத்தகத்தில் பாஸ்பேட் கடத்தியை நிறுத்த என்-எத்தில் மலீமைடு போடு என்று இருக்கும். அது மாட்டு இதய மைட்டோகாண்ட்ரியாவுக்கு எழுதியது. மாட்டின் கடத்தியில் 42-ஆவது இடத்தில் சிஸ்டீன் இருக்கிறது, மலீமைடு அதில் போய் ஒட்டுகிறது. ஈஸ்டில் அதற்கு நேரான இடத்தில் திரியோனின். ஒட்ட எதுவும் இல்லை, அதனால் தடை நடக்காது. இது 1990-லேயே தெரிந்த விஷயம். இருந்தும் வருடத்துக்கு ஒருவராவது மலீமைடு வாங்கிவைத்துக்கொண்டு "அக்கா, நிக்கவே மாட்டேங்குது" என்று வந்து நிற்பார்கள். ஈஸ்டுக்கு மெர்சாலில் என்ற தடுப்பானை வாங்குங்கள். அது பாதரசச் சேர்மம் என்பதால் கழிவைத் தனி பாட்டிலில் சேர்க்க வேண்டும், சிங்க்கில் ஊற்றவே கூடாது.

இதே கதைதான் ரோட்டினோனுக்கும். சுவாசத்தை நிறுத்த ரோட்டினோன் என்று எழுதியிருப்பதை அப்படியே எடுக்காதீர்கள். இந்த ஈஸ்டில் ரோட்டினோன் போய்ப் பிடிக்கும், சுவாசச் சங்கிலியின் முதல் கூட்டமைப்பே கிடையாது. ஆன்டிமைசின் போடுங்கள்.

கரைசலின் செறிவும் அப்படியே. ஈஸ்ட் மைட்டோகாண்ட்ரியாவை 0.6 மோலார் சார்பிட்டாலில் பிரித்தெடுக்கிறோம். விலங்குத் திசுவுக்கான நீர்த்த கரைசலில் அதைப் போட்டால், பாஸ்பேட் போகாவிட்டாலும் தண்ணீர் ஏறியே உப்பிவிடும். அதைக் கண்டுபிடிக்க இரண்டு துணைச் சோதனை வேண்டும். அம்மோனியம் குளோரைடில் போட்டால் வீங்கக் கூடாது, வீங்கினால் சவ்வு கிழிந்திருக்கிறது. அம்மோனியம் அசிட்டேட்டில் கடத்தி இல்லாமலேயே வீங்க வேண்டும், வீங்காவிட்டால் உங்கள் மைட்டோகாண்ட்ரியாவே சரியில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய குழி வளர்ப்பு ஊடகம். நல்ல மைட்டோகாண்ட்ரியா வேண்டுமென்றால் லாக்டேட்டில் வளர்ப்பார்கள், குளுக்கோஸில் வளர்த்தால் மைட்டோகாண்ட்ரியா சுருங்கிப்போகும். சரி, மிர்1 நீக்கிய ஈஸ்ட் லாக்டேட்டில் வளருமா? வளராது, அதுதானே நாம் பிளேட்டில் பார்த்தது. சாதாரண ஈஸ்டை லாக்டேட்டிலும் நீக்கியதைக் குளுக்கோஸிலும் வளர்த்து ஒப்பிட்ட ஒரு முழு புராஜெக்ட்டை நான் பார்த்திருக்கிறேன். மூன்று மாத வேலை, ஒரு வரி முடிவும் எழுத முடியவில்லை. இரண்டையும் காலக்டோஸில் வளர்க்க வேண்டும். காலக்டோஸ் நொதிக்கவும் செய்யும், மைட்டோகாண்ட்ரியாவைக் குளுக்கோஸ் அளவுக்கு அடக்கியும் வைக்காது. விலை அதிகம்தான், அந்தச் செலவை முதலிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு செலவு ஜைமோலியேஸ். ஈஸ்டின் கெட்டிச் சுவரைக் கரைக்கும் நொதி, ஆர்டர் போட்டால் வர வாரக்கணக்கில் ஆகும். அதை அளந்து போடுங்கள், பார்த்தும் போடுங்கள். பத்து மைக்ரோலிட்டர் செல்லை எடுத்து ஒரு மில்லி சார்பிட்டாலில் விடுங்கள், இன்னொரு பத்தை ஒரு மில்லி வெறும் தண்ணீரில் விடுங்கள். சுவர் போயிருந்தால் தண்ணீரில் விட்டது வெடித்து, அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது கண்ணெதிரே தெளிந்துவிடும். தெளியாவிட்டால் இன்னும் பத்து நிமிடம். கடிகாரத்தை நம்பாதீர்கள், குழாயைப் பாருங்கள்.

அப்புறம் நம்ம ஊர் வெயிலும் கரண்ட்டும். ஏப்ரல் மாத மதியம், 12,000 ஜி-யில் சுற்றிக்கொண்டிருந்த குளிர் சென்ட்ரிபியூஜ் கரண்ட் போய் நின்றுவிட்டது, மூடியும் திறக்கவில்லை. நாற்பது நிமிடம் கழித்துத் திறந்தபோது உள்ளே குழாய் கைக்கு இதமான சூட்டில் இருந்தது. அந்த மைட்டோகாண்ட்ரியா அம்மோனியம் குளோரைடிலேயே வீங்கியது. அதற்குப் பிறகு பிரித்தெடுப்பதைக் காலை ஆறு மணிக்கு ஆரம்பித்துப் பத்துக்குள் முடிக்கும் பழக்கம் வந்தது, உங்களுக்கும் அதையே சொல்கிறேன். பிரித்த மைட்டோகாண்ட்ரியாவை அன்றைக்கே பயன்படுத்துங்கள்.

இது யாருக்கு: ஐந்து ஆறு மாதம் உள்ளவர்களுக்கு, மிர்1-ம் பிக்2-வும் எவ்வளவு வேகமாகக் கடத்துகின்றன என்று ஒப்பிட நினைப்பவர்களுக்கு, தடுப்பான்களைச் சோதிப்பவர்களுக்கு. துல்லியமான எண் வேண்டுமென்றால் இது போதாது. கோட்டின் சரிவு தண்ணீரின் வேகத்தையும் சேர்த்துத்தான் காட்டுகிறது.

## புரதத்தைத் தனியாக எடுத்து லிப்போசோமில் வைப்பது

மிர்1-ஐ ஈ. கோலை பாக்டீரியாவில் உற்பத்தி செய்து, சுத்தப்படுத்தி, செயற்கைக் கொழுப்புக் குமிழில் பதித்து, கதிரியக்கப் பாஸ்பேட்டை விட்டு எவ்வளவு உள்ளே போனது என்று எண்ணுவது. அந்தக் குமிழில் வேறு எந்தக் கதவும் கிடையாது. பாஸ்பேட் போனால் மிர்1 வழியாகத்தான் போனது, வேறு பேச்சே இல்லை. ஒவ்வொரு அமினோ அமிலமாக மாற்றி 32-ஆவது இடத்து ஹிஸ்டிடின் போன்றவை கடத்தலுக்கு அவசியம் என்று கண்டுபிடித்தது இந்த வழியில்தான்.

நல்ல முறை. ஆனால் எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்கு வேண்டாம் என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். புரதம் பாக்டீரியாவுக்குள் கரையாத கட்டியாக வந்து நிற்கும், அதைச் சோப்பு வகையில் கரைத்துத் திரும்ப மடியவைக்க வேண்டும். மடியாத புரதமும் மாற்றுருவால் கெட்ட புரதமும் கருவியில் ஒரே மாதிரிதான் தெரியும். கதிரியக்கத்துக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும், அதற்கென்று தனி அறையும் பாதுகாப்பு அலுவலரும் வேண்டும். பாஸ்பரஸ்-32-இன் அரை ஆயுள் 14.3 நாள், சோதனை ஒரு மாதம் தள்ளிப்போனால் வாங்கியதில் கால் பங்குக்கும் குறைவாகத்தான் மிஞ்சும். மறைப்புக்கு அக்ரிலிக் பலகை. ஈயத்தை நேராக வைத்தால் அதில் மோதி எக்ஸ்-கதிர் கிளம்பும்.

கதிரியக்கம் வேண்டாம், மாலகைட் பச்சை நிறச் சோதனையில் பாஸ்பேட்டை அளந்துகொள்கிறேன் என்று சிலர் வருவார்கள். செய்யலாம்தான். ஆனால் கண்ணாடிக் குடுவையைப் பாஸ்பேட் கலந்த சோப்பில் கழுவியிருந்தால் வெறும் தண்ணீரே பச்சையாகும். அமிலத்தில் ஊறவைத்து நல்ல தண்ணீரில் பலமுறை அலச வேண்டும், ஒரு குடுவை தவறினாலும் அன்றைய வேலை போச்சு.

ஊர் சின்னது, அதனால் முடியாது என்று சொல்ல வரவில்லை. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் திறந்த ஊர் இது. முடியும், நாலு மாதத்தில் முடியாது, அவ்வளவுதான்.

இது யாருக்கு: மூன்று நாலு வருடம் கையில் இருக்கும் பி.எச்டி. பிள்ளைகளுக்கு, பழகிய குழுவோடு சேர்ந்து செய்பவர்களுக்கு.

## மூன்று பேருக்கும் என் பதில்

தேவகோட்டைத் தங்கச்சி, உனக்கு ஜனவரியிலிருந்து ஏப்ரல்வரைதான். பிளேட்டை எடு. மிர்1-ஐத் திருப்பிக் கொடுக்கும் பிளாஸ்மிட்டை இப்போதே கேட்டு எழுது, தாமிரம் சேர்த்த பிளேட்டும் சேர்க்காத பிளேட்டும் போடு. அது முழுமையான வேலை. அதைச் சின்ன வேலை என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே.

புதுவயல் தம்பி, உங்கள் ஆய்வகத்தில் குளிர் சென்ட்ரிபியூஜ் இருக்கிறது, ஜெனரேட்டரும் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். முதல் மாதம் பிளேட், அடுத்த மூன்று மாதம் வீக்கம். இந்த வாரமே காலக்டோஸ், ஜைமோலியேஸ், மெர்சாலில் மூன்றுக்கும் ஆர்டர் போட்டுவிடு. மலீமைடு ஏற்கெனவே வாங்கியிருந்தால் வீணாக்க வேண்டாம், ஈஸ்டில் அது வேலை செய்யாது என்பதையே ஒரு படமாகக் காட்டலாம்.

பி.எச்டி. பெண்ணுக்கு: லிப்போசோம் செய்யம்மா, ஆனால் முதல் வருடம் வீக்கத்தில் கை பழகிக்கொள். பிக்2 கொண்டுபோவது பாஸ்பேட்டா, தாமிரமா, இரண்டும் ஒரே பாதையிலா என்பதை இந்த மூன்று வழியில் ஒன்றை மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது. கண்டனூர்ப் பக்கம் வந்தால் சனிக்கிழமை காலையில் வா, ஆறு மணிக்கு ஆரம்பித்துவிடுவோம், ஸ்ஃபீரோபிளாஸ்ட் (சுவர் கரைந்த செல்) தெளிவதை நேரிலேயே காட்டுகிறேன்.